தகர டப்பாவில் 24 தோட்டா

தேர்தல் தேதி அறிவித்ததும் கடப்பாக்கத்தில் என் தாய்மாமாவுக்கு இரண்டு வேலைகள் வந்துவிடும். முதல் வேலை, பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்து யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் போடுவது. (மாமாவின் கணக்கு இதுவரை பலித்ததில்லை. அது வேறு விஷயம்.) இரண்டாவது வேலை, தன்னுடைய ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி, டி.வி.எஸ். 50-ல் வைத்துக் கட்டிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருவது.

துப்பாக்கி என்றதும் ஜமீன்தார், புலித்தோல் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தாத்தா காலத்து லைசென்ஸ். வேர்க்கடலைக் கொல்லையில் நரியும் பன்றியும் இறங்கிய நாட்களில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்தது. இப்போது கொல்லையில் பாதி சவுக்குத் தோப்பு, மீதி பக்கத்து ரிசார்ட்காரர் விலை கேட்டுக்கொண்டிருக்கிற தரிசு. மாமா சுட்டு நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். அவ்வளவுதான் அதற்கு வேலை.

2024 மார்ச் மாதம் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்த வாரம் நான் கடப்பாக்கத்தில் இருந்தேன். ஸ்டேஷனுக்கு மாமாவோடு நானும் போனேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"நாப்பது வருஷமா லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. ஒரு காக்காயைக்கூட சுட்டதில்லை. எலெக்‌ஷன் வந்தா மட்டும் நான் ரவுடி ஆயிடறேனா? நம்பலைன்னா எதுக்குடா லைசென்ஸ் குடுக்கறீங்க? குடுத்தா எதுக்குடா திரும்ப வாங்கி வைக்கறீங்க?"

கொஞ்ச தூரம் போனதும் அடுத்த குண்டைப் போட்டார். "சுவிட்சர்லாந்துல வீட்டுக்கு வீடு மிலிட்டரி துப்பாக்கியாமே? கவர்மென்ட்டே குடுத்து வெச்சிருக்குதாமே? அவன் மனுஷன், நாம மாடா?"

பி.காம். படித்தவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் மாமாவின் கேள்வி துப்பாக்கியைப் பற்றியதே இல்லை என்று பட்டது. ஒருவனை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, நடுநடுவே நம்பாமலிருக்க யாருக்கு உரிமை இருக்கிறது? இதுதான் கேள்வி. புருஷன் பெண்டாட்டியிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் உள்ள கேள்வி. சரி, சுவிட்சர்லாந்தில் உண்மையில் என்னதான் நடந்தது என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். இரண்டு மாதம் அதிலேயே போயிற்று.

முதலில் ஓர் ஆச்சரியம். சுவிட்சர்லாந்துக்காரனின் துப்பாக்கி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. மாமா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துப் போட்ட கோட்டை. அது பிரெஞ்சுக்காரர்களுக்கு வருவதற்கு நாலு வருஷம் முன்பு, 1746 அக்டோபரில், அவர்களுக்காகப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் படை நடத்தி வந்து, அடையாற்றங்கரையில் நவாபின் பெரும்படையை ஆயிரத்துக்கும் குறைவான ஆட்களை வைத்து விரட்டியவர் பாரடி என்ற அதிகாரி. அவர் பிரெஞ்சுக்காரர் இல்லை, சுவிட்சர்லாந்துக்காரர். சம்பளத்துக்கு வந்தவர்.

அந்தக் காலத்தில் அந்த நாட்டின் முக்கிய ஏற்றுமதி சாக்லேட்டோ கைக்கடிகாரமோ அல்ல, சிப்பாய்கள். மலை நாடு, விளைச்சல் குறைவு, பிள்ளைகள் அதிகம். பிரெஞ்சு ராஜாவுக்கு, டச்சுக் கம்பெனிக்கு, போப்பாண்டவருக்கு என்று படையை வாடகைக்கு விட்டார்கள். 1781-ல் தெ மெரோன் என்ற பிரபு ஒரு ரெஜிமென்ட்டைத் திரட்டி டச்சுக் கம்பெனிக்குக் கொடுத்தார். அது இலங்கைக்கு வந்தது. 1795-ல் ஆங்கிலேயர்கள் அந்தப் படையை அப்படியே ஒப்பந்தம் மாற்றித் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரே நின்ற படைகளில் அதுவும் ஒன்று. நேற்று வரை யாருக்காகச் சுட்டார்களோ அவர்களுக்கு எதிராக இன்று. அக்கவுன்ட்ஸ் பாஷையில் சொன்னால், பற்று வரவை மாற்றி எழுதியது போல.

இதில் அவர்களுக்கே வெட்கம் வந்திருக்க வேண்டும். 1848 அரசியல் சட்டத்தில், இனி வெளிநாட்டோடு படை வாடகை ஒப்பந்தம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். (வாடிகனில் கோடுபோட்ட சட்டையோடு ஈட்டி பிடித்து நிற்கிறார்களே, அவர்கள் மட்டும் மிச்சம்.) அடுத்து 1874 அரசியல் சட்டத்தில் இன்னொரு வரி: சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சிப்பாயின் ஆயுதம் சிப்பாயின் கையிலேயே இருக்கும். யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் அதற்கு நாலே வருஷம் கழித்து, 1878-ல், லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியனுக்கு வேண்டாம். ஒரே பத்தாண்டில் ஒரு நாடு தன் குடிமகனிடம் 'நீயே வைத்துக்கொள்' என்றது. இன்னொரு நாட்டை ஆண்டவர்கள் 'உன்னை நம்புவதற்கில்லை' என்றார்கள். மாமாவின் எரிச்சலுக்குப் பின்னால் இந்த 1878 இருக்கிறது. அது அவருக்குத் தெரியாமலிருக்கலாம். எரிச்சலுக்குத் தெரியும்.

இனி அந்தத் துப்பாக்கிகள்.

1869 வாக்கில் சுவிஸ் சிப்பாய்க்குக் கிடைத்தது வெட்டர்லி. மற்ற ராணுவங்கள் ஒரு தோட்டா போட்டு, சுட்டு, மறுபடி ஒன்று போட்டுக்கொண்டிருந்தபோது இதில் குழலுக்கு அடியில் வரிசையாகப் பத்துத் தோட்டாவுக்கு மேல் நிற்கும். குண்டின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், கரும்புகை கக்கும் மருந்து. ஐரோப்பாவிலேயே முன்னேறிய ராணுவத் துப்பாக்கி என்று அப்போது பெயர் வாங்கியது. சண்டைக்கே போகாத நாட்டிடம்தான் அது இருந்தது.

அடுத்து வந்தவர் எட்வார்ட் ரூபின். தூண் ஊரில் இருந்த அரசு தோட்டா தொழிற்சாலைக்காரர். அவர் கண்டுபிடித்தது துப்பாக்கியை அல்ல, குண்டுக்கு ஒரு சட்டையை. அதுவரை குண்டு என்றால் வெறும் ஈயம். சின்னக் குண்டை வேகமாக அனுப்பினால் தூரமும் போகும், குறியும் தப்பாது, சிப்பாயும் அதிகத் தோட்டா சுமக்கலாம். ஆனால் வேகம் கூடினால் ஈயம் குழலுக்குள்ளேயே தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். ரூபின் 1880-களின் தொடக்கத்தில் ஈயத்துக்குச் செம்புத் தகட்டால் சட்டை போட்டார். 10.4 மில்லிமீட்டர் 7.5 ஆனது. 1889-ல் ஷ்மிட் என்பவர் வடிவமைத்த துப்பாக்கியும் ரூபினின் தோட்டாவும் சேர்ந்து ஷ்மிட்-ரூபின் என்று வந்தது. மற்ற பல நாடுகளில் போல்ட்டைத் திருப்பித் தூக்கி இழுக்க வேண்டும். இதில் திருப்புகிற வேலையே இல்லை, நேராக இழுத்து நேராகத் தள்ள வேண்டியதுதான்.

செம்புச் சட்டை போட்ட குண்டில் இன்னொரு விளைவு இருந்தது. அது உடம்பில் சின்னத் துளையாகப் போய்ச் சின்னத் துளையாக வெளியேறும். அடிபட்டவன் பிழைக்க வாய்ப்பு கூடுதல். பிரிட்டிஷ்காரர்களும் தங்கள் துப்பாக்கிக்கு இதே மாதிரி சட்டை போட்ட சின்னக் குண்டுக்கு மாறினார்கள். 1895-ல் வடமேற்கு எல்லையில் சித்ரால் சண்டைக்குப் பிறகு அவர்கள் அதிகாரிகளுக்கு ஒரே புகார்: இந்தக் குண்டு பட்டும் பழங்குடிகள் விழாமல் ஓடி வருகிறார்கள்! உடனே கல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் குண்டின் மூக்கில் மட்டும் சட்டையைத் திறந்துவிட்டார்கள். உடம்பில் பட்டதும் அது விரியும். 1899-ல் ஹேக் மாநாட்டில் உலக நாடுகள் இதைத் தடை செய்யக் கூடியபோது, பிரிட்டிஷ் பிரதிநிதி வைத்த வாதம் இதுதான்: நாகரிக மனிதன் அடிபட்டால் நின்றுவிடுவான், காட்டுமிராண்டி நிற்க மாட்டான், ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும். 'காட்டுமிராண்டி' என்றது நம்மைப் போன்ற ஆட்களை. தடை நிறைவேறியது. பிரிட்டன் கையெழுத்துப் போட 1907 வரை ஆனது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவனுக்கு என்ன ஆகலாம், என்ன ஆகக் கூடாது என்று உலகமே உட்கார்ந்து பேசியது. துப்பாக்கிக்குப் பின்னால் நிற்பவனைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

1911-ல் ரூபினின் தோட்டாவைக் கூர்மையாக்கி, வால் பக்கம் படகு மாதிரி ஒடுக்கி, ஜி.பி. 11 என்று கொண்டுவந்தார்கள். 11.3 கிராம் குண்டு. அவ்வளவு துல்லியம் என்று இன்றும் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் அதன் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். அதற்காகவே 1931-ல் கே-31 என்ற துப்பாக்கி. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1939-ல் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தபோது சுவிட்சர்லாந்து ஒரே அழைப்பில் நாலு லட்சம் பேருக்கு மேல் திரட்டியது. கூப்பிட்டதும் விவசாயியும் ரொட்டிக்கடைக்காரரும் அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஹிட்லர் அந்தப் பக்கம் வராததற்கு அந்தத் துப்பாக்கிதான் காரணமா, பேங்க்தான் காரணமா என்பது தனிச் சண்டை. அதற்குள் போகவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு சின்ன விஷயம். பழைய கே-31-ஐ வாங்குகிறவர்கள், கட்டையின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்ப்பார்களாம். சிலவற்றில் ஒரு சீட்டு இருக்கும். அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர். நாம் பள்ளிக்கூட நோட்டில் லேபிள் ஒட்டியது போல. பனியில் ஊன்றி, ஆணி அடித்த பூட்ஸ் பட்டு, கட்டையின் அடிப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். லட்சக்கணக்கில் செய்த துப்பாக்கிகள். பெரும்பாலானவை ஒரு மனிதனை நோக்கிக்கூட வெடித்ததில்லை. காமர்ஸ்காரன் பாஷையில் இதற்கு 'டெட் ஸ்டாக்' என்று பெயர். கடையில் டெட் ஸ்டாக் இருந்தால் முதலாளி திட்டுவார். ஒரு நாட்டில் துப்பாக்கி டெட் ஸ்டாக்காகவே கிடந்தால் அதைவிட நல்ல கணக்கு உண்டா?

இப்போது டப்பா.

உலகப் போருக்குப் பிந்தைய தலைமுறைகளில், துப்பாக்கியோடு கூடவே ஒரு தகர டப்பாவும் சிப்பாய் வீட்டுக்குப் போனது. 1957-ல் வந்த தானியங்கித் துப்பாக்கிக்கு, உள்ளே 24 தோட்டா. பிறகு 1990-ல் வந்த சின்னக் குண்டு துப்பாக்கிக்கு 50. டப்பாவைப் பற்றவைத்து மூடியிருப்பார்கள். எதிரி திடீரென்று நுழைந்துவிட்டால், படை கூடுகிற இடத்துக்குப் போகிற வழியில் சுட வேண்டியிருக்குமே, அதற்காக. அந்த நிமிஷம் வரும் வரை திறக்கக் கூடாது. அதிகாரிகள் பரிசோதிப்பார்கள். மூடி பிரிந்திருந்தால் தண்டனை. குறிபார்க்கும் பயிற்சிக்கு வருஷா வருஷம் கட்டாயமாகப் போக வேண்டும், ஆனால் அங்கே சுடுவதற்கு வேறு தோட்டா. வீட்டில் இருப்பதைத் தொடக் கூடாது.

எனக்கு இந்த டப்பா ரொம்பப் பிடித்துப்போனது. பேலன்ஸ் ஷீட்டில் கீழே பொடி எழுத்தில் 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று போடுவோம். வரலாம், வராமலும் போகலாம், ஆனால் வந்தால் இவ்வளவு என்று. கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பொடி எழுத்து அது. அதைவிட முக்கியம், அது ஒரு வாக்கு. அரசாங்கம் சொல்கிறது: உன்னை நம்புகிறேன். சிப்பாய் சொல்கிறான்: திறக்க மாட்டேன். நடுவில் ஒரு தகர மூடி. மாமா சொன்னது சரிதான், மனிதனை மனிதனாக நடத்துவது என்றால் இதுதான் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தைப் படித்தபோது கையெழுத்து கொஞ்சம் கோணியது.

பெரும்பாலோர் டப்பாவைத் திறக்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினார்கள். ஆனால் சில வீடுகளில், சில ராத்திரிகளில், துப்பாக்கி வெளியே வந்தது. வாசலில் எந்த எதிரியும் இல்லை. எதிரே நின்றது மனைவி. அல்லது யாருமே இல்லை, அவன் மட்டும். 2006-ல் அந்த நாடே கொண்டாடிய ஒரு பனிச்சறுக்கு வீராங்கனையை, ராணுவத்திலும் அதிகாரியாக இருந்த அவருடைய கணவரே ராணுவத் துப்பாக்கியால் கொன்று, தன்னையும் முடித்துக்கொண்டார். ஊர் அதிர்ந்தது. 2007-ல் முடிவெடுத்தார்கள்: சில சிறப்புப் பிரிவுகள் தவிர, எல்லோரும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த சில வருஷங்களில் கொடுத்தார்கள். துப்பாக்கி வீட்டில், தோட்டா கிடங்கில்.

அதோடு நிற்கவில்லை. துப்பாக்கியையும் கிடங்கிலேயே வைக்க வேண்டும் என்று 2011 பிப்ரவரியில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். "என்னை நம்பலையா?" என்று நம் மாமா கேட்கிற கேள்விதான். அவர்கள் ஓட்டுச் சீட்டில் கேட்டார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் ஓர் ஆய்வு என்னை நழுவவிடவில்லை. 2003-04-ல் சுவிஸ் ராணுவத்தைச் செலவுக் கணக்கு பார்த்துப் பாதியாகக் குறைத்தார்கள். ஓய்வு வயதையும் 43-லிருந்து 33-க்கு இறக்கினார்கள். அதனால் ஏராளமான வீடுகளில் இருந்து துப்பாக்கி போயிற்று. யாரையும் சந்தேகப்பட்டு வாங்கவில்லை, ஆட்குறைப்பு அவ்வளவுதான். மனநல மருத்துவர்கள் பிறகு கணக்கெடுத்துப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். அந்த வயது ஆண்களிடம் தற்கொலை குறைந்திருந்தது. துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி தேடமாட்டானா என்று நாம் கேட்போம், நானும் கேட்டேன். தேடியவர்கள் அந்தக் குறைந்த எண்ணிக்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவர்கள் அந்த ராத்திரியைக் கடந்துவிட்டார்கள்.

நம்மூரில் சிப்பாய் டப்பா கிடையாது. ஆனால் கடப்பாக்கத்திலிருந்து கல்பாக்கம் வரை எந்த விவசாயி வீட்டுப் பரணையும் பாருங்கள். பூச்சிமருந்து இருக்கும். அதுவும் நம்பிக் கொடுத்ததுதான். இலங்கையில் 1990-களின் நடுவில் தொடங்கி, கொடிய விஷமுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருஷத்தில் அங்கே தற்கொலை விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறங்கியது. இங்கே கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னை ஸ்நேகா அமைப்பை ஆரம்பித்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது அறையில், பேங்க் லாக்கர் மாதிரி, பூட்டி வைக்க ஏற்பாடு செய்து பார்த்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை, ஒத்துழைத்தார்கள். பலனும் தெரிந்தது. (படிக்கிற யாருக்காவது இன்றைக்கு அப்படி ஒரு ராத்திரி என்றால், 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்நேரமும் எடுப்பார்கள்.)

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆளைச் சந்தேகிப்பது வேறு, வேளையைச் சந்தேகிப்பது வேறு. 1878 சட்டம் ஆளைச் சந்தேகித்தது. நீ இந்தியன், ஆகவே எந்த நாளும் நம்பத்தகாதவன் என்றது. டம்டம் குண்டும் அப்படித்தான். அது அவமானம், சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்லவன் ஒருவனுக்கே வருஷத்தில் 364 நாள் ஒரு மாதிரியும், ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வேறு மாதிரியும் இருக்கிறதே, அந்த இரண்டு மணியைச் சந்தேகிப்பதில் என்ன அவமானம்? எங்கள் காலேஜில் சராசரி கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். சராசரி மாமா, தங்கமான மாமா. ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் சராசரி பார்ப்பதில்லை, மோசமான நாளைப் பார்க்கிறான். அவன் நம்மைக் கேவலப்படுத்துவதாக யாரும் சண்டைக்குப் போவதில்லையே.

ஆனால் இதற்கும் ஒரு வரம்பு வேண்டும். வேளையைச் சந்தேகிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இன்று தோட்டாவை வாங்கியவர்கள், நாளை 'நீ கோபத்தில் இருக்கிறாய்' என்று வாயையும் கட்டலாம். அந்த 56 சதவீதம் பேரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். என் அளவுகோல் எளிமையானது, காமர்ஸ்காரனின் அளவுகோல்: ரசீது தருகிறார்களா? கட்சி, ஜாதி, தோல் நிறம் பார்க்காமல் வாங்குகிறார்களா? சொன்ன தேதியில் திருப்பித் தருகிறார்களா? லிட்டன் பிரபுவின் சட்டம் இந்த மூன்றிலும் தேறாது. மாமாவின் போலீஸ் ஸ்டேஷன் மூன்றிலும் தேறிவிடும். (முகத்தைக் கொஞ்சம் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.)

இந்த வாதத்தையெல்லாம் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, 2024 ஜூனில் ஓட்டு எண்ணி முடித்த அடுத்த வாரம் கடப்பாக்கம் போனேன். மாமா துப்பாக்கியைத் திரும்ப வாங்கியிருந்தார். கணக்கு வழக்கம்போலத் தப்பியிருந்தது. சாயந்தரம் இரண்டு பேரும் கோட்டைப் பக்கம் நடந்தோம். செங்கல் சுவர் பாதி சரிந்து கிடக்க, கழிமுகத்தில் இரண்டு படகு. உடைந்த சுவரில் உட்கார்ந்துகொண்டு சிப்பாய் வாடகையிலிருந்து டப்பா வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேளை, ஆள் என்ற வித்தியாசத்தையும் சொன்னேன். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இறால் பண்ணை போட்டேனே, ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. நான் அப்போது ப்ளஸ் ஒன். இந்தக் கடற்கரை முழுக்க இறால் பைத்தியம் பிடித்திருந்த நேரம். மாமா கடன் வாங்கி இரண்டு குளம் வெட்டினார். வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஒரே வாரத்தில் குளம் முழுக்கச் செத்த இறால்.

"தொண்ணூத்தாறு எலெக்‌ஷன். ரஜினி டி.வி.ல பேசினாரே, அது. சேஷன் கெடுபிடி வேற. கடன்காரன் வந்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போன ராத்திரி அது. எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்."

நான் மூச்சுவிடவில்லை.

"காலியா இருந்துச்சு. ஸ்டேஷன்ல குடுத்திருந்தேன்ல. மறந்தே போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். விடிஞ்சிடுச்சு. உங்க அத்தை காபி குடுத்தா."

ஒரு படகுக்காரர் வலையை மடித்துப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். மாமாவும் ஆட்டினார்.

"அப்படின்னா ஏன் மாமா ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அவங்களைத் திட்டறீங்க?"

"திட்டறது வேற மாப்ளே" என்றார். "நம்பலைன்னா கோவம் வரத்தானே செய்யும்?"

வீட்டுக்குத் திரும்பினோம். துப்பாக்கி, வேட்டி சுற்றியபடியே அலமாரியில் பழைய இடத்தில் இருந்தது. தோட்டா எங்கே என்று கேட்டேன். மாமா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "அது உங்க அத்தைகிட்ட. அந்த வருஷத்துலேருந்து அவதான் வெச்சிருக்கா. எங்க வெச்சிருக்கான்னு நான் கேட்டதில்லை." லைசென்ஸ் விதிப்படி இது சரியா என்று வக்கீல் நண்பரிடம் கேட்க வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். எழுதிக்கொள்ளட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். பெயரைப் போடாதே என்றார்.

அத்தையிடம் போய் நின்றேன். நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, தொண்ணூத்தாறுல நீங்க ஏன் தோட்டாவை எடுத்து வெச்சீங்க? அன்னிக்கு ராத்திரி உங்களுக்குத் தெரியுமா?"

அடுப்பைத் தணித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"வெளியில காத்து நல்லா வருது. மாமாவுக்கும் சேர்த்து இலையை அங்கியே போடு" என்றாள்.